ரத்தம் பார்த்தால் மயங்கும் பெண்ணுக்கு எதற்கு மருத்துவப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சித்தப்பா மகன் 34 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போனதிலிருந்து, "இது ஏன் இளவயதில் வருகிறது என்று நான் ஆராயப் போகிறேன்" என்கிறாள் உங்கள் மகள். "அப்படியென்றால் முதலில் டாக்டராகட்டும்" என்கிறார் பெரியப்பா. கவலைப்படாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு. ரத்தம் பார்த்தால் மயக்கம், கணக்கு கிடைத்தால் சாப்பாடே மறந்துபோகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன?

மருத்துவம், நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. நான் உயிரித் தகவலியல் பற்றி மட்டும் சொல்கிறேன். கணினியும் புள்ளியியலும் உயிரியலும் சேர்ந்த படிப்பு அது.

2025-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல் புற்றுக்கட்டிகளின் மரபணு வரிசையைக் கணினியில் அலசினார்கள். குடலில் வாழும் சிலவகை ஈ.கோலை பாக்டீரியா கோலிபேக்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. அது டி.என்.ஏ.வில் தனக்கே உரிய தழும்பை விட்டுச்செல்லும். 70 வயது தாண்டியவர்களைவிட, 40-க்குள் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு சுமார் 3.3 மடங்கு அதிகம் தென்பட்டது. அதில் பெரும்பகுதி முதல் 10 வயதுக்குள்ளேயே விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. நோய்க்குக் காரணமே அதுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அந்த மிச்ச வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு உதாரணம்: ஹார்மோன் சுரக்கும் செல்களில் கிளம்புகிற நியூரோ எண்டோகிரைன் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குடல்வால் வலி என்று அறுவை செய்யப்போன இளைஞரிடம் தற்செயலாக அகப்படும் ரகம். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தரம் பிரிக்க, பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் இருக்கும் கே.ஐ.-67 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றி, பழுப்பாக மாறிய செல் கருக்களை எண்ணுவார்கள். 500 செல்லில் 12 என்றால் 2.4 சதவீதம், முதல் தரம். 16 என்றால் 3.2 சதவீதம், இரண்டாம் தரம். நாலே நாலு கருவில் தரம் மாறிவிடுகிறது. இதைப் பிசகாமல் எண்ணக் கணினியைப் பழக்குகிறார்கள். உங்கள் மகள் மாதிரி ஆள் ரசித்துச் செய்கிற வேலை.

பணத்தில் மட்டும் நான் கறார். கௌரவத்துக்காக வீட்டை அடகு வைத்து மருத்துவ இடம் வாங்காதீர்கள். அவள் விரும்பாத படிப்புக்கு வாங்கிய கடனையும் பின்னால் அவள்தான் சுமப்பாள். இந்தப் பாதையும் சுலபமில்லை; முனைவர் பட்டம் வரை போகவேண்டி வரும், வருமானம் மெதுவாகத்தான் ஏறும். அதனால் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தருகிற இடத்தில் மட்டும் சேரட்டும்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். புற்றுக்கட்டிகளின் மரபணுத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் 'கேன்சர் ஜீனோம் அட்லஸ்' என்ற அமெரிக்கத் திட்டத்தின் தரவில் நிறைய யாரும் பார்க்கலாம், புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' (R) என்ற மென்பொருளும் இலவசம். பெருங்குடல் தரவைத் திறந்து, 50 வயதுக்குட்பட்டவர்களைத் தனியே பிரித்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்தும் அதிலேயே கிடந்தால் எனக்கு எழுதுங்கள். சலித்துப்போய் மூடிவிட்டாலும் எழுதுங்கள், வேறு யோசிப்போம். அதுவரை பெரியப்பாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் இல்லை.