பட்டறையில் 5எஸ் (இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஐந்து படி ஜப்பானிய முறை) ஆரம்பித்த வேகம் மூன்று மாதத்தில் அடங்கிவிடுகிறது. தொடர்ந்து நடக்க என்ன செய்வது?

பெரும்பாலும் ஆட்களின் சோம்பல் காரணமில்லை. முதல் வாரத்தில் அவர்கள் சொன்ன குறைகள் அப்படியே கிடப்பதுதான் காரணம். கூலண்ட் (சூடு தணிக்கும் திரவம்) ஒழுகுகிறது, மெஷின் அடியில் தட்டு வையுங்கள் என்று ஆப்பரேட்டர் கேட்டு மூன்று வாரமாகியும் தட்டு வரவில்லை. அவரைத் தினமும் தரை துடைக்கச் சொல்வதில் என்ன நியாயம்?

பட்டறை முழுக்க ஒரே நாளில் தொடங்காதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று மெஷின் போதும். தொடங்குமுன் ஒரு அளவு எடுங்கள்: லேத்தில் ஒரு ஜாப் முடிந்து, அடுத்த ஜாபின் முதல் நல்ல பீஸ் வர எத்தனை நிமிடம்? அதில் சக் சாவி, ஆலன் கீ போன்ற கருவிகளைத் தேடிய நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். கருவிகளைத் தொங்கவிடும் டூல் போர்டு மாட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். 5எஸ் ஆடிட்டில் போடும் மார்க்கை யாரும் நம்புவதில்லை. தன் மெஷினில் தன் கண்முன் எடுத்த கணக்கை நம்புவார்கள்.

வேண்டாத பொருளில் சிவப்புச் சீட்டு கட்டும்போது பொருள், எண்ணிக்கை, தேதியோடு முடிவு எடுக்க வேண்டியவர் பெயரையும் எழுதுங்கள். பெயரில்லாத சீட்டு வருடக்கணக்கில் தொங்கும். 30 நாள் கெடு வையுங்கள்.

ஆட்கள் சொல்லும் குறைகளை எழுத ஒரு பலகை வையுங்கள். அதில் குறை, செய்பவர், தேதி, இவ்வளவுதான். சின்ன வேலை 2 நாளில் முடியட்டும். முடியாததைக் காரணத்தோடு 'முடியாது' என்றே எழுதுங்கள். பதிலே வராத பலகையில் அடுத்த மாதம் யாரும் எழுத மாட்டார்கள்.

பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) ஆள் இருந்தால், தினமும் சுத்தம் செய்யும் 10 நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இதை மழுப்பினால் மற்றதெல்லாம் வீண்.

உண்மையான சோதனை மாசக் கடைசி டெஸ்பாட்ச். "இன்னைக்கு மட்டும் விடுங்கப்பா, வண்டி நிக்குது" என்று முதலாளி ஒருமுறை சொன்னால் போதும், எது முக்கியம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். 10 நிமிடத்தை 3 ஆக்குங்கள், நிறுத்தாதீர்கள்.

5எஸ்ஸின் முதல் மூன்று படிகளான செய்ரி (வேண்டாததை நீக்குவது), செய்டன் (ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைப்பது), செய்சோ (சுத்தம் செய்வது) மூன்றும் ஒரு வாரத்தில் நடந்துவிடும். சறுக்குவது நான்காவதான செய்கெட்சுவில்தான் (அந்த நிலையை வழக்கமாக்குவது). சரியாக இருக்கும் நிலையைப் போட்டோ எடுத்து மெஷினிலேயே ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பொறுப்பை ஒரே சூப்பர்வைசரிடம் கொடுக்காமல் ஷிஃப்டுக்கு ஒருவராக இருவரிடம் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் நிற்காது.

இரண்டு மாசக் கடைசியைத் தாண்டியும் அந்த மெஷின்கள் அப்படியே இருந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். அங்கே சொல்லிக்கொடுக்க முதல் இடத்து ஆப்பரேட்டர்களையே அனுப்புங்கள்.