கீசர் சத்தத்துக்குக் காரணம் தண்ணீர்தான்

குடிவந்து எட்டு மாதத்தில் கீசர் கடகடவென்று சத்தம் போடுகிறது, சோப்பு நுரைக்கவில்லை, சமையலறைக்கு ஆர்ஓ வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆர்ஓ அந்த ஒரு குழாய்க்குத்தான். கீசருக்குப் போவது கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்த அதே கடினத் தண்ணீர்.

சூடாகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் பிரிந்து காயிலின் மேல் ஓடு கட்டும். அந்த ஓட்டுக்கடியில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் கொதித்து வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். மெக்கானிக்கை வைத்துக் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் ஆனோடு கம்பி தீர்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்.

ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருக்குமே? ஒரு பையில் வினிகர் ஊற்றி இரவு அதில் முக்கிக் கட்டிவிடுங்கள். காலையில் வெள்ளைப் பொருக்கு விரலால் தேய்த்தாலே உதிரும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள், அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மைக்கென்றே சோதனைக் கிட் இருக்கிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினம். அப்போது வீட்டுக்கு வரும் மெயின் குழாயிலேயே சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை நீக்கும் கருவி, வைப்பதுதான் என் ஓட்டு. அதற்கு அவ்வப்போது உப்புப் போட வேண்டும், விற்பவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.