எக்செல் கேள்வி-பதில்: தப்பை அதுவே கண்டுபிடிக்குமா?

செல் மூலையில் பச்சை முக்கோணம் வந்துகொண்டே இருக்கிறது. அணைத்துவிடலாமா?

வேண்டாம். பக்கத்துச் செல்களில் ஒரு ஃபார்முலா, இதில் மட்டும் வேறு என்றால் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. டி பத்தியில் 40 வரிசையிலும் அளவு × விலை ஃபார்முலா இருக்கிறது; டி17-ல் மட்டும் யாரோ அவசரத்தில் 4500 என்று கையால் அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். சாதாரணப் பட்டியலில் இதற்கு முக்கோணம் வராது. நாளைக்கு விலை மாறினாலும் அந்த 4500 அசையாது. பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+ஜி, ஸ்பெஷல், கான்ஸ்டன்ட்ஸ் கொடுங்கள். கையால் அடித்த செல் தனியாகத் தெரிந்துவிடும். ஃபைலை அனுப்பும் முன் இதை ஒருமுறை செய்துவிடுங்கள்.

மொத்தத்தில் கடைசி சில வரிசைகள் சேரவில்லை. எச்சரிக்கையும் வரவில்லையே?

விட்டுப்போன எண்களுக்கும் மொத்தத்துக்கும் நடுவில் ஒரு வெற்று வரிசை இருந்தாலே எச்சரிக்கை வராமல் போகலாம். பெரிய பொருளாதார அறிஞர்களுக்கும் இது நடந்திருக்கிறது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் வெளியிட்ட அரசுக்கடன் ஆய்வில், சராசரி 49-ஆம் வரிசை வரை போகாமல் 44-லேயே நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் மூல ஃபைலை வாங்கித் திறந்து பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. சில ஆண்டுகளின் விவரம் சேராதது, சராசரி எடுத்த முறை ஆகியவற்றையும் சரிசெய்தபின், அதிகக் கடனுள்ள நாடுகளின் வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 ஆனது. மொத்தச் செல்லில் எஃப்2 தட்டுங்கள். எதுவரை கூட்டுகிறது என்று வண்ணக் கட்டம் காட்டும்.

எல்லா வரிசையும் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் தொகை குறைகிறது.

வேறு மென்பொருளிலிருந்து எடுத்த எண்கள் எழுத்தாக வந்திருக்கும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். கூட்டும் ஃபார்முலாவான சம் (SUM) அவற்றைக் கண்டுகொள்ளாது. பத்தியைத் தேர்ந்தெடுத்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், ஃபினிஷ். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடுகிறது.

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அடிக்கும் முன்பே பத்தியை டெக்ஸ்ட் ஆக்குங்கள். போன இலக்கம் திரும்பாது, மூல ஆவணத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

ஏஐ-யிடம் ஃபைலைக் கொடுத்தால் போதாதா?

கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் செல்லை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் 5 சதவீத ஜிஎஸ்டி போட வேண்டிய பொருளுக்கு எல்லா வரிசையிலும் 18 போட்டிருந்தால், எதிலிருந்து எது விலகி நிற்கும்? சரியான விகிதம் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் ஷீட்டிலேயே ஒரு சோதனைச் செல் வையுங்கள்: பில்களின் மொத்தம் கழித்தல் லெட்ஜர் (கணக்குப் பேரேடு) மொத்தம், ரவுண்ட் (ROUND) ஃபார்முலா போட்டு. பூஜ்ஜியம் இல்லையென்றால் சிவப்பாகும்படி அமைத்துவிடுங்கள். அப்புறம், சம்பளம், பான் எண் உள்ள பத்திகளை நீக்காமல் எந்த ஏஐ-யிலும் ஏற்றாதீர்கள்.