ஹைன் மரகதத் தட்டான்: கேள்வி பதில்

அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட முதல் தட்டான் இது. ஆண்டு 1995. சிகாகோவுக்குத் தென்மேற்கே டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதன் வாழிடங்களைக் கவனித்து வருபவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நம்மூர் வயலில் கூட்டம் கூட்டமாகத் தட்டான் பறக்கிறதே சார், அதற்குப் போய்ப் பாதுகாப்பா?

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மழையை ஒட்டி வரும் மஞ்சள் தட்டான். அதற்கு மழைநீர் தேங்கிய பள்ளம் போதும், இரண்டு மாதத்துக்குள் முட்டை சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஹைன் மரகதம் நேர் எதிர். புழுப் பருவத்திலேயே நான்கைந்து வருடம் நீரில் கிடக்கும். சிறகு முளைத்தபின் சில வாரங்கள்தான் ஆயுள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு வருடம் தண்ணீர் கெட்டாலோ அடியோடு வற்றினாலோ ஐந்து வருடத்துக் குஞ்சுகளும் ஒன்றாகப் போகும்.

சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் குளத்துக்குப் பச்சைக் கண்ணோடு பெரிய தட்டான் வருகிறது. இதுதானா?

பெரும்பாலும் இல்லை. இது குளம் தேடி வருவதில்லை. கண் பளிச்சென்ற பச்சை, நெஞ்சில் உலோகப் பச்சை, அதன் பக்கவாட்டில் இரண்டு மஞ்சள் கோடுகள், நீளம் ஆறு செ.மீ. சொச்சம். நெருங்கிய உறவுகளும் இதே சாயலில் இருப்பதால் வால்நுனியைப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். அதற்காக வலை வீசிவிடாதீர்கள், அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள், போதும்.

அப்படியென்றால் எங்கேதான் இருக்கும்?

டோலமைட் என்ற சுண்ணாம்புவகைப் பாறை மேற்பரப்புக்கு அருகில் இருக்க வேண்டும். அதன் வழியே நிலத்தடி நீர் கசிந்து, கோரைப்புல்லுக்கு நடுவே மெல்லிய படலமாக ஓட வேண்டும். பல இடங்களில் கணுக்கால்கூட நனையாது. இப்படிப்பட்ட சேற்றுநிலம் இலினாய், விஸ்கான்சின், மிச்சிகன், மிசௌரி மாநிலங்களில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோவின் மைன்சிங் சதுப்பிலும் உண்டு. 1931இல் இதை முதலில் விவரித்தது ஒஹாயோவில் கிடைத்த மாதிரிகளை வைத்து. இன்று ஒஹாயோவில் ஒன்றுகூட இல்லை.

தன்னைத் தின்னும் பிராணியின் வளையிலேயே குடியிருக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். இந்தச் சேற்றில் கிரேஃபிஷ் ஒன்று வாழ்கிறது. இறாலுக்குக் கொடுக்கு வைத்ததுபோல இருக்கும். நிலத்தடி நீர் எட்டும்வரை வளை தோண்டும். கோடையில் மேலே தண்ணீர் வற்றியதும் தட்டான் புழுக்கள் அந்த வளைக்குள் இறங்கிவிடும். குளிர்காலத்துக்கும் அதுதான் அடைக்கலம். வீட்டுக்காரர் சில புழுக்களைத் தின்பார், சந்தேகமில்லை. ஆனால் வளை இல்லையென்றால் மிச்சமுள்ளவையும் காய்ந்தே சாகும். கூட்டிக் கழித்தால் இந்தக் கொடுக்கன் இருப்பது தட்டானுக்கு லாபம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஆக, தட்டானைக் காக்க நினைப்பவர் கிரேஃபிஷ்ஷையும் காக்க வேண்டும். புல்வெளியில் மண்மேடு போடுகிறது என்று அதை மருந்து வைத்துக் கொல்பவர்களுக்கு இது புரிவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் வளர்த்து விட்டுவிடலாமே?

செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தெற்கு டகோட்டா பல்கலைக்கழகமும் டுபேஜ் மாவட்ட வனக் காப்பக அமைப்பும் இதில் இறங்கியிருக்கின்றன. பெண் தட்டானைப் பிடித்து, வால்நுனியை நீரில் தோய்த்தால் முட்டையிடும். பிறகு அதைப் பறக்க விட்டுவிடலாம். முட்டைகளுக்கு ஒரு குளிர்காலம் காட்ட வேண்டும். அப்புறம் வருடக்கணக்கில் தீனி. ஒன்றையொன்று தின்னும் என்பதால் கூட்டமாகவும் போட முடியாது. இலினாயில் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் இந்த வேலை அவசியம்தான். ஆனால் கசிவுநீர் நின்றுபோன இடத்தில் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். முதல் பணம் நிலத்தடி நீருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு பூச்சிக்காகப் பாலத்தை உயர்த்திக் கட்டினார்களாமே?

சிகாகோ பக்கத்து ஐ-355 நெடுஞ்சாலையின் நீட்சி, 2007இல் திறந்தது. டெஸ் பிளெய்ன்ஸ் பள்ளத்தாக்கை மிக உயரத்தில் கடக்கிறது. தட்டான்கள் தாழப் பறப்பவை, வண்டிகள் மேலே போனால் மோதல் குறையும். பூச்சிக்காக இவ்வளவு செலவா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கீழே ஆறு, கால்வாய், ரயில் பாதை எல்லாம் இருக்கும்போது எப்படியும் பாலம் வேண்டியதுதானே!

கொசு மருந்து?

அடித்தால் இதற்கும் ஆபத்துதான்.

சாதாரண ஆள் நான் என்ன செய்யலாம் அண்ணா?

பாறைநிலத்துக்கு அருகில் குடியிருந்தால் குளிர்காலத்தில் பனி உருகட்டும் என்று வாசலில் உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள். அது நிலத்தடி நீரில் சேர்ந்து பல வருடம் தங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் புல்தரைக்குப் பாய்ச்சுவதைக் குறையுங்கள். சுரங்கக் குவாரி விரிவாக்கம் குறித்துப் பொதுக் கருத்துக் கேட்டால் நாலு வரி எழுதிப் போடுங்கள்.

குழந்தைகளோடு நேரில் பார்க்க முடியுமா?

விஸ்கான்சினில் பெய்லிஸ் ஹார்பர் ஊரில் ரிட்ஜஸ் காப்பகம் இருக்கிறது, மரப்பலகை நடைபாதையும் உண்டு. ஜூன் கடைசி முதல் ஜூலைக்குள், வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். பலகையை விட்டுக் கீழே இறங்க வேண்டாம், புழுக்கள் இருப்பது அந்தச் சேற்றில்தான்.