கர்ப்பிணி மகளுக்கு எந்த மாட்டிறைச்சி?

கேள்வி: கம்பளையிலிருந்து எழுதுகிறேன், டொக்டர். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.8, இரத்தம் குறைவு என்றார்கள். மாட்டிறைச்சி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சுப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்ததில் சத்தே இல்லை, தெரிந்தவர் பால் பண்ணையில் மாடு அறுக்கும்போது வாங்கு என்கிறார் மதினி. எதை வாங்குவது?

பதில்: உறைய வைத்தால் சத்துப் போய்விடும் என்பது சரியல்ல, சகோதரி. இரும்பும் புரதமும் குளிரில் அழிவதில்லை. சமைத்த இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிகிராம் இரும்பு உண்டு. பண்ணையில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. புல் தின்ற மாட்டில் ஒமேகா 3 கொழுப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அதற்காகவென்றால் ஒரு டின் மீன் பல மடங்கு தரும்.

நான் கேட்பது, மாடு எங்கே அறுக்கப்பட்டது என்பதைத்தான். உள்ளூராட்சி சபையின் அனுமதி பெற்ற மடுவத்தில் அறுக்கும் முன் மாட்டையும், அறுத்த பின் இறைச்சியையும் பரிசோதிக்க வேண்டும். பண்ணையின் பின்புறத்தில் அறுத்தால் அது நடக்காது. மலையகத்துச் சிறு பண்ணைகளில் அறுபடுவது பெரும்பாலும் காளைகளும் பால் வற்றிய பசுக்களும்தான். மடி வீக்கத்துக்கு ஊசி போட்ட பசுவென்றால், மருந்து உடம்பை விட்டு நீங்கக் குறிப்பிட்ட நாட்கள் பொறுக்க வேண்டும். பொறுத்தார்களா என்று வாங்குகிற உங்களுக்குத் தெரியாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இந்தச் சந்தேகம் வேண்டவே வேண்டாம். மடுவத்தில் அறுத்துத்தான் தருகிறார் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் சுப்பர் மார்க்கெட், அல்லது ஊரிலுள்ள அனுமதி பெற்ற இறைச்சிக் கடை.

பொதிக்குள் நிறையச் சிவப்பு நீர் கட்டி ஐஸாகியிருந்தால் எடுக்காதீர்கள், ஒருமுறை உருகித் திரும்ப உறைந்ததாக இருக்கலாம். காற்று நீக்கிய பொதியில் நிறம் கறுத்திருப்பது கெட்டுப்போன அடையாளமல்ல. மலைக் குளிரை நம்பி இறைச்சியை வெளியே வைக்க வேண்டாம், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தே உருக விடுங்கள். உள்ளே சிவப்புத் தெரியாமல் வேக வேண்டும். நாடாப்புழுவும் கருவைத் தாக்கும் கிருமிகளும் அரைவேக்காட்டில் பிழைத்திருக்கும். இரத்தம் ஊறும் என்று ஈரல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள அளவுக்கு மிஞ்சிய ஏ விற்றமின் குழந்தைக்கு ஆகாது.

அப்புறம், ஒரே நாள் அரைக் கிலோ சமைப்பதைவிட வாரத்தில் மூன்று நாள் சில துண்டுகள் நல்லது. இறைச்சி கூட இருந்தால் பருப்பு, கீரையிலுள்ள இரும்பும் நன்றாகச் சேரும். தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. ஆனால் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீண். நம் வீடுகளில் மாற்றவே கஷ்டமான பழக்கம் இது, தெரியும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை. எந்த இறைச்சியாலும் அதை நிரப்ப முடியாது. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைக் கட்டாயம் போட வேண்டும், தேநீரோடு வேண்டாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து இரத்தத்தைத் திரும்பச் சோதியுங்கள். ஏறவில்லையென்றால் வயிற்றில் பூச்சித் தொல்லையா, பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவா என்று பார்க்கும்படி கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள்.