எழுத்துக் கூட்டும் வயது: டீச்சரிடம் கேட்டவை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடே காலம் போக்கிய டீச்சர் ஒருவர், நெல்லைச் சீமைப் பெற்றோருக்குச் சொன்ன பதில்கள்.

முக்கூடல் பக்கத்து அம்மா: டீச்சர், நான் பீடி சுத்துறவ. சொளவு மடியில ஏறிட்டா கை ஓயாது. நாலு வயசு மகளுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்க?

கை ஓயாட்டி என்னம்மா, வாயும் காதும் சும்மாதானே இருக்கு! இந்த வயதில் முதலில் பழக வேண்டியது காதுதான். "பானை, பாய், பாட்டு... இன்னும் பா-வுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "தட்டு"வில் முதல் எழுத்தை மாற்றினால் கட்டு, பட்டு என்று அவளே அடுக்குவாள். சொல்லைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் ஒட்டும். இலை நறுக்கிக்கொண்டே நடத்தலாம் இந்தப் பள்ளிக்கூடத்தை.

பாளையங்கோட்டை அப்பா: ஒன்றாம் வகுப்பு மகன் பாடத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறான்.

அது மனப்பாடம், வாசிப்பு இல்லை. கடைசிச் சொல்லிலிருந்து திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள், எது தெரியும் எது தெரியாது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவே வேண்டாம். ப, ட, ம மூன்றும் புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். ப, ட இரண்டும் நேர்கோடு என்பதால் கைக்கும் எளிது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பாபநாசம் போர்டைக் காட்டுங்கள். பா-வும் ப-வும் அடுத்தடுத்து நிற்கும். கால் போட்டால் ஓசை நீளுவதை அங்கேயே பிடித்துக்கொள்வான்.

தடுமாற்றம் வருவது "கொ"வில். வாயில் முதலில் வருவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. விரல் வைத்து இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை குழம்பத்தான் செய்யும். கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி ஒற்றை எழுத்தாகக் காட்டுங்கள். கொக்கு, கொடி, கொய்யா என்று சில நாள் அதிலேயே நில்லுங்கள்.

அம்பாசமுத்திரம் ஆச்சி: நான் 'லை' எழுதிக் காட்டினா பேரன் தப்புங்கான்.

தப்பில்லை ஆச்சி. நீங்கள் படித்தது தும்பிக்கை போட்ட பழைய லை. 1978-இல் அரசாணை வந்து லை, ணை, னை, ளை, றா, ணா, னா எல்லாம் இப்போதைய வடிவுக்கு மாறின. எழுத்துக்கு அவன் புத்தகத்தைக் காட்டுங்கள், கதையை நீங்கள் சொல்லுங்கள். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாசிக்கும்போது பாதிச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

களக்காடு அம்மா: பழத்தை 'பளம்'னு எழுதுறா.

நம்ம ஊரில் வாளப்பளம் என்றுதானே பேசுகிறோம்! காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், சிவப்பு மையில் அடித்துவிடாதீர்கள். வாசிக்கிற நேரத்தில் மட்டும் நாக்கை மடித்து பழம், மழை, வாழை என்று நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

வள்ளியூர் அப்பா: அஞ்சு வயசுப் பையன் எழுத்து கோணல்மாணல். தினம் ஒரு பக்கம் எழுத வைக்கிறேன், கை வலிக்குன்னு அழுறான்.

பக்கக்கணக்கை விடுங்கள் தம்பி. அந்தப் பக்கத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கடைசிதான் மோசமாக இருக்கும். கை தளர்ந்த பிறகு எழுதுவது தளர்ந்த எழுத்தைத்தான் பழக்கும். ஒரு எழுத்தை நாலு தடவை எழுதட்டும், அதில் நல்லதை அவனே வட்டம் போடட்டும்.

பென்சிலை முழுசாகக் கொடுக்காதீர்கள். துண்டு சிலேட்டுக்குச்சியைக் கொடுத்தால் பெருவிரலும் ஆள்காட்டியும் தானாகப் பிடிக்கும், நடுவிரல் கீழே தாங்கும். பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கோலப்புள்ளி வைப்பது எல்லாம் விரலுக்குப் பலம். எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எழுதி முடித்த பிறகு பார்த்தால் அது தெரியாது.

தென்காசி அம்மா: இடது கையில் எழுதுகிறாள், மாமியார் திட்டுகிறார்.

மாற்றவே கூடாது. நோட்டை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள், நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கட்டும்.

சேரன்மகாதேவி அப்பா: ஆறு வயசுக்காரன் சில எழுத்தைத் திருப்பிப் போடுறான். டாக்டரிடம் போகணுமா?

இந்த வயதில் அது சகஜம். ஏழு தாண்டியும் குறையாமல், வாசிப்பும் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், பள்ளி மூலமாகவே கேட்கலாம்.