முதலில் பெல்ட்டை மாட்டுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 26. செண்ட்ரிங் வேலை, கான்கிரீட் போடப் பலகை அடித்து முட்டு கொடுப்பது. மேஸ்திரி என் சொந்தத் தாய்மாமா. எனக்குப் பெண்கள்மேல் நாட்டம் இல்லை, ஆண்கள்மேல்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சைட்டில் டீ நேரத்தில் ஓடுவதெல்லாம் பொம்பளைப் பேச்சு. சும்மா உட்கார்ந்திருந்தால் ‘பொட்டையாடா நீ?’ என்கிறார்கள். அதற்குப் பயந்தே பாதுகாப்பு பெல்ட் போடாமல் வெளிச்சாரத்தில் ஏறுகிறேன், சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவர்களோடு குடிக்கிறேன். போன வாரம் ஒரு சித்தாள் அக்காவை அசிங்கமாகக் கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. தை மாதம் மாமா மகளை எனக்குக் கட்டிவைக்கப் பேசுகிறார்கள். என்ன செய்வது?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். நாளைக்கு ஏறும்போது பெல்ட் போடுங்கள். இன்ஜினியர் வரும்போது மட்டும் இடுப்பில் கட்டி, கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்களே, அப்படி இல்லை. கொக்கியை அசையாத ஒன்றில் மாட்டுங்கள். முட்டு பிரிக்கும்போது பலகை எந்தப் பக்கம் நழுவும் என்று பழைய ஆளுக்கும் சொல்ல வராது. கேட்டால் ‘அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அங்கே கொக்கி மாட்டாமல் நிற்கிற மற்றவர்களும் இதே பேச்சுக்குப் பயந்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். குடித்த மறுநாள் காலை ஏறவே ஏறாதீர்கள்.

உங்கள் நாட்டம் நோயும் இல்லை, குற்றமும் இல்லை. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு வழக்கில் சொல்லிவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது சிகிச்சைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அதற்கு எதிராக உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்கிறது. இதற்காக, சைட்டில் இதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஷெட்டில் சமைத்து, சாப்பிட்டு, தூங்குகிற இடம் அது. யாரிடம், எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள்; அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. உங்கள் பயத்துக்கு மறைப்பாக அவளைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய அநியாயம். முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறக்கும் குழந்தைக்குப் பிரச்சினை வரலாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள், அதைச் சொல்லலாம். ஆனால் அது கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும், அடுத்து வேறு பெண் பார்ப்பார்கள். ‘எனக்குக் கல்யாணமே வேண்டாம்’ என்று ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்குச் சிக்கல், பெண் கொடுக்கிறவரும் கூலி கொடுக்கிறவரும் ஒரே ஆள் என்பது. மாமாவிடம் முன்பணம் வாங்கியிருந்தால் சத்தமில்லாமல் அடைத்துவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள கட்டுமானத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போங்கள், விண்ணப்பத்துக்கு உதவுவார்கள். பலகை அடிக்கத் தெரிந்த ஆளுக்கு வேறு மேஸ்திரியிடம் வேலை கிடைக்காமல் போகாது. அந்தத் தைரியம் இருந்தால்தான் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வரும்.

இனி அந்தச் சித்தாள் அக்கா. நீங்கள் தப்பிப்பதற்காக அவரைக் காட்டிக் கொடுத்தீர்கள், இதை மழுப்ப முடியாது. கையாளாக வருகிற பையன் சில வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவரோ வருஷக்கணக்காகச் சட்டி சுமந்தும் சித்தாளாகவே, ஆணைவிடக் குறைந்த கூலிக்கு நிற்கிறார். அதற்கு மேல் இந்தப் பேச்சு வேறு. நேரில் போய் ‘அக்கா, அன்னைக்கு நான் பேசியது தப்பு’ என்று சொல்லுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம். அடுத்த முறை பேச்சு ஆரம்பித்ததும் ‘விடுங்கண்ணே, வேலையைப் பார்ப்போம்’ என்று குறுக்கே விழுங்கள். இது எந்த ஆணும் சொல்லக்கூடியதுதான், உங்கள் ரகசியம் வெளியே வராது. அந்த அக்கா புகார் கொடுக்க நினைத்தால் மாவட்ட அளவில் அதற்கென்று புகார் குழு இருக்கிறது; வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் சேர்த்துத்தான். அவர் போனால், பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல நீங்களும் கூடப் போங்கள், உங்கள் பங்கையும் சேர்த்து.